பூனையைத் தடவப் பழகுவது எப்படி: கை வைக்கும் இடமும் எடுக்கும் நேரமும்

பூனை தானாக வந்து மடியில் படுக்கிறது. குர்ர் என்று ஒலி எழுப்புகிறது. நீங்கள் முதுகைத் தடவிக்கொண்டே இருக்கிறீர்கள். நான்காவது நிமிடத்தில் கையைக் கவ்விக் கடித்துவிட்டு இறங்கி ஓடுகிறது. புதிதாகப் பூனை வளர்ப்பவர்களை இந்தக் காட்சி அளவுக்கு வேறெதுவும் குழப்புவதில்லை. ‘நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று என்ன ஆயிற்று?’ என்று கேட்பார்கள். திடீரென்று எதுவும் ஆகவில்லை. கடிப்பதற்கு முன்பே வாலாலும் காதாலும் முதுகுத் தோலாலும் ‘போதும்’ என்று அது பலமுறை சொல்லியிருக்கும். அதைப் படிக்கத் தெரியாததால் கை நிற்கவில்லை.

பூனை வீட்டுக்கு வந்து ஓரிரு மாதங்களே ஆனவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். ஒரு நாளைக்கு மொத்தம் 10 நிமிடம் ஒதுக்கினால் போதும். அதையும் ஒரே மூச்சில் செய்யாமல் ஐந்தாறு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மனிதர்களோடு பழகி வளர்ந்த பூனை என்றால் ஒரு வாரத்தில் உங்களுக்கும் அதற்கும் ஒத்துவந்துவிடும். கூச்சப்படும் பூனைக்கு நான்கு வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். பணச் செலவு அதிகம் இல்லை: மென்மையான சீப்பு ஒன்று, கொஞ்சம் தின்பண்டம், ஒரு நோட்டு. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதுதான் இதில் பெரிய செலவு. அதை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

1. முதலில் தாள்களைச் சேர்த்து வையுங்கள்

தொடுவதற்கும் தாள்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பூனையைத் தந்தவரிடமோ காப்பகத்திடமோ மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசி அட்டை. ரேபிஸ் தடுப்பூசி போட்ட தேதி அதில் இருக்க வேண்டும். பழகும் நாட்களில் ஒரு பிறாண்டலாவது விழுந்தே தீரும். அப்போது மருத்துவர் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான்.

கருத்தடை செய்த சான்று. கருத்தடை ஆகாத பெட்டைப் பூனை பருவத்தில் இருக்கும்போது, முதுகைத் தடவினால் முன்னுடலைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தும், பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதிக்கும். தடவல் பிடித்துப்போய் அப்படிச் செய்கிறது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது இனப்பெருக்க உந்துதல்.

மூன்றாவது, குட்டியாக இருந்தபோது எங்கே, யாரிடம் வளர்ந்தது என்ற விவரம். பிறந்து 2 முதல் 7 வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி, பிற்காலத்தில் தொடுதலை எளிதாக ஏற்றுக்கொள்ளும். அந்த வாரங்களில் மனித வாடையே படாமல் வளர்ந்த பூனையும் பழகும், ஆனால் கால அளவு வேறு. இது தெரிந்தால் உங்கள் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளலாம். ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று வீணாக வருந்தவும் மாட்டீர்கள்.

இந்தத் தாள்களோடு மருத்துவரிடம் போய், பல், காது, இடுப்பு, மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பல் வலிக்கிற பூனை கன்னத்தைத் தொட விடாது. இடுப்பு வலிக்கிற பூனை முதுகைத் தொட விடாது. வலியை வைத்துக்கொண்டு பழக்க முயன்றால், உங்கள் கை பட்டால் வலிக்கும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

நோட்டில் ஆறு பத்தி போடுங்கள்: நேரம், இடம், யார் தொடங்கியது, எங்கே தொட்டேன், எத்தனை விநாடி, யார் முடித்தது. ஒரு வரியில் ஒரு முறை. பத்து நாள் எழுதினால், உங்கள் பூனைக்குக் காலையில் பிடிப்பது மாலையில் பிடிக்காமல் போவதெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ‘யார் தொடங்கியது’ என்ற பத்தி மிக முக்கியம். பூனை தொடங்கிவைத்த நெருக்கம், மனிதர் தொடங்கியதைவிட அதிக நேரம் நீடிக்கிறது. பூனை நடத்தை ஆய்வாளர் டென்னிஸ் டர்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் நோட்டிலும் அதுதான் தெரியும்.

2. நேரம் பார்த்துத் தொடங்குங்கள்

வந்த முதல் சில நாட்கள் தொடவே வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, லிட்டர் பெட்டிக்கு (மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் பெட்டி) போகிறதா, நீங்கள் அறையில் இருக்கும்போது மறைவிடத்தை விட்டு வெளியே வருகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் நடந்த பிறகே கையை நீட்டுங்கள்.

நல்ல நேரம்: தூங்கி எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்த பிறகு, விளையாடிச் சாப்பிட்டு முடித்து, அமைதியாகத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்ட பிறகு, நீங்கள் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது வாலைக் கொடிக்கம்பம்போல் நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வரும்போது.

தவிர்க்க வேண்டிய நேரம்: சாப்பிடும்போது, லிட்டர் பெட்டியில் இருக்கும்போது, ஆழ்ந்து தூங்கும்போது, விளையாட்டின் உச்சத்தில் கண்மணி கறுத்து விரிந்திருக்கும்போது. இன்னொன்றும் உண்டு, பெரும்பாலோர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வேறு பூனையைப் பார்த்து உங்கள் பூனை விறைத்து நிற்கும். சமாதானப்படுத்தலாம் என்று கை வைப்பீர்கள். வெளியே இருக்கும் பூனைமேல் காட்ட முடியாத கோபம் உங்கள் கைமேல் இறங்கும். இதற்குப் பிறகு அந்தப் படபடப்பு அடங்கப் பல மணி நேரம் ஆகலாம். அன்றைய பயிற்சியை அத்தோடு விட்டுவிடுங்கள்.

தொடுவதற்கு முன் கையைக் கழுவுங்கள். வாசனைத் திரவியம், கிருமிநாசினி, எலுமிச்சை வகைப் பழத்தோலின் வாடை ஆகியவை கையில் இருந்தால் பல பூனைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காற்று வறண்டிருக்கும் நாட்களில் செயற்கை இழைப் போர்வை மேல் பூனையைத் தடவினால் நிலைமின்சாரம் சுள்ளென்று அடிக்கும். விரல் மூக்கில் பட்டதும் இப்படி ஒருமுறை அடித்துவிட்டால், அடுத்த பல நாட்களுக்கு விரலைக் கண்டாலே விலகும். பருத்தித் துணியை விரித்துக்கொள்ளுங்கள், கையை இலேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

3. விரலை நீட்டிவிட்டுக் காத்திருங்கள்

பூனைக்கு நேரெதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணை மெதுவாகச் சுருக்கி, பாதி மூடி, திறவுங்கள். இப்படிக் கண் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கும். முன்பின் தெரியாதவர் இப்படிச் செய்தால்கூட அவரை நோக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள்.

பிறகு ஒரு விரலை மட்டும், இலேசாக மடங்கிய நிலையில், பூனையின் மூக்கு உயரத்துக்கு நீட்டுங்கள். மூக்குக்கும் விரலுக்கும் இடையே ஒரு முழம் இருக்கட்டும். மீதித் தூரத்தை அது கடக்க வேண்டும். மேலிருந்து தலைக்கு மேலே கையைக் கொண்டுவராதீர்கள், வேட்டையாடும் பறவை இறங்குவதும் அப்படித்தான். மூக்குக்கு மிக அருகில் நீட்டுவதாலும் பயனில்லை. சுமார் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பொருள் பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. அங்கே மோப்பத்தையும் மீசையையும் நம்பித்தான் அது முடிவெடுக்கிறது.

மோந்து பார்த்துவிட்டுக் கன்னத்தையோ வாய் ஓரத்தையோ விரலில் தேய்த்தால், தொடலாம் என்று பொருள். மோந்துவிட்டு அப்படியே நின்றால் இன்னும் யோசிக்கிறது, விரலை அசைக்காதீர்கள். தலையைத் திருப்பிக்கொண்டாலோ, மூக்கை நக்கினாலோ, பின்வாங்கினாலோ இப்போது வேண்டாம் என்கிறது. எழுந்து போய்விடுங்கள். அரை மணி கழித்து வேண்டுமானால் மறுபடி முயலலாம். பின்னாலேயே தொடர்ந்து போய் விரலை நீட்டுவது இந்தப் படியையே கெடுத்துவிடும்.

கையைக் கண்டாலே பதுங்கும் பூனைக்கு, நீளமான கரண்டியின் முனையில் ஈர உணவைத் தடவி நீட்டுங்கள். சில நாட்கள் கழித்துக் கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடியுங்கள். பிறகு ஒரு குச்சியின் முனையில் மென்மையான தூரிகையைக் கட்டி, அதனால் கன்னத்தை ஒருமுறை வருடுங்கள். குச்சி போய்க் கை வருவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை. தின்பண்டத்தின் அளவை மட்டும் கவனியுங்கள். ஒரு நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நடுத்தர எடையுள்ள பூனைக்கு அது ஏறக்குறைய 20 கலோரிதான்.

4. எங்கே தொடுவது, எங்கே கூடாது

கன்னம், மோவாய், காதுக்கு முன்னால் முடி அடர்த்தி குறைந்து தெரியும் நெற்றிப்பொட்டு. இந்த மூன்று இடங்களோடு தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் இவற்றைத் தாண்டவே வேண்டாம். பூனையின் முகத்தில் மணச்சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் முகத்தைத் தேய்த்துத் தன் மணத்தை விட்டுச்செல்வது இவற்றால்தான். நட்பான பூனைகள் ஒன்றையொன்று நக்கிவிடுவதும் பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும்தான். உங்கள் விரல் அங்கே படும்போது, பூனைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் செய்கிறது.

வால் முளைக்கும் இடம் கதை வேறு. 2015இல் வெளியான ஆய்வில், பூனை நடத்தை ஆய்வாளர் சாரா எல்லிஸும் உடனாய்வாளர்களும் பூனையின் உடலில் வெவ்வேறு இடங்களைத் தடவச் செய்து பதில்களைக் குறித்தார்கள். வால் அடிப்பகுதியைத் தொட்டபோதுதான் எதிர்ப்பு அதிகமாக வந்தது. முகத்தில் தொடங்கிப் படிப்படியாக வாலுக்குப் போனாலும் சரி, நேராக வாலுக்குப் போனாலும் சரி, அந்த இடம் பற்றிய கருத்து மாறவில்லை. ஆகவே ‘முகத்தில் சமாதானப்படுத்திவிட்டு மெல்ல வாலுக்குப் போகலாம்’ என்ற உத்தி உதவாது. வாலடியில் சொறிந்துவிட்டால் மயங்கி நிற்கும் பூனைகளும் உண்டு. உங்கள் பூனை அப்படிப்பட்டதா என்பதை ஒரு மாதம் கழித்துச் சோதித்தால் போதும்.

வயிறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் முன்னால் மல்லாந்து புரண்டு வயிற்றைக் காட்டுகிறது என்றால், உங்களிடம் பயமில்லை என்கிறது. அதோடு சரி. அங்கே கை வைத்தவுடன் நான்கு காலாலும் கையைக் கட்டிப் பிடித்துப் பின்னங்கால் நகத்தால் உதைக்கும். வயிற்றைக் காட்டும்போது கண்ணைச் சுருக்கிச் சிமிட்டிவிட்டுச் சும்மா இருங்கள், அல்லது விரலைக் கன்னத்துக்கு நீட்டுங்கள்.

பாதம், வால், மீசை மயிர் மூன்றையும் விளையாட்டுக்காகக்கூடத் தொடாதீர்கள். மீசையின் வேரில் நரம்பு நுனிகள் நெருக்கமாக இருக்கின்றன. கன்னத்தைத் தடவும்போது மீசை முளைக்கும் திட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை வையுங்கள்.

கழுத்தும் தோள்பட்டையும் முதுகின் முன்பாதியும் இடைப்பட்ட பகுதி. மூன்றாவது வாரத்திலிருந்து, முடி படிந்திருக்கும் திசையில், நடு இடுப்புக்கு முன்பே கையை எடுத்துவிட்டால் பெரும்பாலான பூனைகள் ஏற்கும். அழுத்தம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மூடிய உங்கள் கண்ணிமைமேல் விரலை எவ்வளவு மெதுவாக வைப்பீர்களோ, அதைவிடச் சற்றே கூடுதல். கன்னத்திலும் மோவாயிலும் பூனையே அழுத்திக்கொள்ளும், நீங்கள் அழுத்த வேண்டியதில்லை. நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல் முதுகில் தட்டாதீர்கள்.

5. மூன்று விநாடி, பிறகு கை விலகட்டும்

இந்த ஒரு படி கைவந்தால் மற்றவற்றில் சிறு தவறுகள் நேர்ந்தாலும் சமாளிக்கலாம்.

பூனை சோபாவின் கைப்பிடிமேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலை நீட்டினீர்கள், கன்னத்தைத் தேய்த்தது. இப்போது ஆள்காட்டி விரலால் கன்னத்தில், வாயோரத்திலிருந்து காதுப் பக்கமாக, சிறிது சிறிதாக வருடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கை ஒரு சாண் பின்னால் வந்து அசையாமல் நிற்கட்டும். இப்போது பூனையின் தலையைப் பாருங்கள். கழுத்து நீண்டு, முகம் விரலைத் தேடி முன்னால் வருகிறதா? அல்லது ஒரு முன்காலைத் தூக்கி உங்கள் மணிக்கட்டின் மேல் வைக்கிறதா? அப்படியானால் இன்னொரு மூன்று விநாடி. மறுபடி நிறுத்தம். இப்படி நான்கைந்து சுற்று போனாலே அன்றைக்கு நல்ல அளவு.

கை விலகியதும் பூனை சிலைபோல் அப்படியே இருந்தால்? ஐந்து விநாடி காத்திருங்கள். வந்தால் தொடருங்கள். வராவிட்டால் அதை ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இந்த இடத்தில் ‘எதிர்க்கவில்லையே’ என்று தொடர்ந்துவிடுகிறார்கள். அசையாமல் உறைந்திருப்பதும் பூனையின் எதிர்ப்புதான். உடலைச் சுருக்கித் தாழ்த்தி, தலையை உள்ளிழுத்து, கண்ணை அகலத் திறந்திருக்கும் பூனை, எப்போது முடியும் என்று காத்திருக்கிறது.

கை விலகியதும் தன் தோள்பட்டையை இரண்டு முறை வேகமாக நக்கிக்கொண்டால், அல்லது தலையை உதறிக்கொண்டால், அன்றைக்கு அத்தோடு முடித்துவிடுங்கள்.

இந்த நிறுத்தம் ஏன் வேலை செய்கிறது என்றால், கை உடல்மேல் இருக்கிற வரை பூனைக்கு இரண்டே வழிதான்: எழுந்து போவது, இல்லையென்றால் கடிப்பது. கை விலகும்போது மூன்றாவதாக ஒரு வழி திறக்கிறது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று அதுவே கேட்கலாம். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் நிற்கும் என்பது தெரிந்த பூனைக்குப் பல்லைக் காட்ட வேண்டிய தேவை குறைகிறது. லண்டன் பேட்டர்சீ விலங்குக் காப்பகப் பூனைகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வும் இந்த வழியில்தான் நடந்தது. பூனையிடம் முடிவை விடுவது, அதன் உடலைக் கவனிப்பது, பிடித்த இடத்தை மட்டும் தொடுவது என்ற மூன்றையும் மனிதர்களுக்குச் சில நிமிடங்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அவர்களிடம் பூனைகள் காட்டிய முரட்டுத்தனம் குறைந்தது, இணக்கம் கூடியது.

முதல் வாரத்தில் கை தானாகத் தொடர்ந்து போகும், நிறுத்த மறந்துவிடும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ கைபேசியைப் பார்த்துக்கொண்டோ தடவும்போது கடி வாங்குவது இதனால்தான். பழகும் வரை, பூனையைப் பார்க்க முடியாத நேரத்தில் தடவாதீர்கள்.

6. உடல் சொல்வதைப் படியுங்கள்

வால். நிமிர்ந்து, நுனி மட்டும் கேள்விக்குறிபோல் வளைந்திருந்தால் நட்பு. நுனி ‘டிக், டிக்’ என்று துடிக்கத் தொடங்கினால் பொறுமை குறைகிறது. முழு வாலும் இடமும் வலமுமாகத் தரையை அடித்தால் கையை எடுக்கத் தாமதமாகிவிட்டது. நாய் வாலாட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதை மகிழ்ச்சி என்று எண்ணி மேலும் தடவுவார்கள்.

முதுகுத் தோல். இடுப்புக்கு மேலே தோல் அலைபோல் சுருங்கிச் சிலிர்க்கும், மாடு ஈயை விரட்டத் தோலைச் சிலிர்ப்பதுபோல. வால் அசைவுக்கு முன்பே இது வருவதுண்டு. நீளமுடிப் பூனைகளில் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும்.

காதுகள் முன்னோக்கி, தளர்வாக இருந்தால் நல்லது. பக்கவாட்டில் திரும்பிப் பின்புறம் தெரிய ஆரம்பித்தால் எச்சரிக்கை, தலையோடு ஒட்டிவிட்டால் ஆபத்து. தலை சட்டென்று கைப்பக்கம் திரும்புவதும் எச்சரிக்கைதான். கடிக்கும் பூனைகளில் பல, கடிப்பதற்கு முன் இப்படிக் கையை ஒருமுறை பார்க்கும். அந்தப் பார்வையிலேயே கையை நிறுத்திவிட்டால் கடி விழாது.

குர்ர் ஒலியை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். திருப்தியில் எழுப்பும் அதே ஒலியைப் பூனை வலியிலும், மருத்துவர் மேசையிலும், குட்டி போடும்போதும் எழுப்பும். உடல் தளர்ந்து கண் பாதி மூடியிருந்து குர்ர் என்றால் நல்ல அறிகுறி. உடல் விறைத்திருந்து குர்ர் என்றால் உடலைத்தான் நம்ப வேண்டும். ஒலித்துக்கொண்டிருந்தது தடவும்போது பாதியில் நின்றுபோனால், அந்த நொடியே கையை எடுங்கள்.

முன்னங்காலால் மாவு பிசைவதுபோல் உங்கள் தொடையைப் பிசைவது, குட்டியாகத் தாயின் மடியில் பால் வரப் பிசைந்த பழக்கம். நகம் குத்தினால் தள்ளிவிடாதீர்கள், தடித்த துணியை மடித்துத் தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள்.

7. மடியும் தூக்கலும்

மடியில் வந்து படுத்துவிட்டால் தடவச் சம்மதம் என்று அர்த்தமில்லை. பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். அதற்கு உடல் சிரமப்படாமல் இருக்கும் சுற்றுச் சூடு 30 பாகைக்கும் மேல். உங்கள் மடி வெதுவெதுப்பாக இருக்கிறது, பழகிய மணம் வருகிறது, அதற்காகவே வந்திருக்கலாம். மடியில் இருக்கும் பூனைக்கும் விரலை நீட்டிக் கேளுங்கள். முகத்தைத் தேய்க்காவிட்டால் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். தொடாமல் படுக்கவிட்ட மடிக்குத்தான் அது மறுநாளும் வரும்.

தூக்குவது நான்காவது வாரத்துக்குப் பிறகு போதும். ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புக்குக் கீழே கொடுங்கள். மற்றொரு கையால் பின்பகுதியை முழுவதும் தாங்குங்கள். உடலோடு அணைத்து ஐந்து விநாடி வைத்திருந்து, அது திமிறுவதற்கு முன்பே, நான்கு பாதமும் தரையில் படும்படி இறக்கிவிடுங்கள். பாதி உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள். தினம் ஒருமுறை செய்து, வாரத்துக்கு ஐந்து விநாடி கூட்டலாம். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்குவது கூடாது. தாய்ப்பூனை குட்டியை அப்படித் தூக்கும், வளர்ந்த பூனையின் முழு எடையையும் அந்தத் தோலில் தொங்கவிட்டால் வலியும் அச்சமும்தான் மிஞ்சும். இறுகக் கட்டிப்பிடிப்பதும் முகத்தில் முத்தமிடுவதும் உங்களுக்கு அன்பு, பூனைக்கோ தப்பிக்க வழியில்லாத பிடி. பொறுத்துக்கொள்ளும் பூனைகளும் இருக்கின்றன, பொறுத்துக்கொள்வதை விருப்பம் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

8. கடித்துவிட்டால், பிறாண்டிவிட்டால்

கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் கிழியும், இரை ஓடுகிறது என்று பிடி இறுகும். அசையாமல் வைத்திருங்கள், பிடி தளர்ந்ததும் மெதுவாக எடுங்கள். கத்துவது, மூக்கில் சுண்டுவது, தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். அடுத்த முறை அது எச்சரிக்கையைத் தவிர்த்துவிட்டு நேராகக் கடிக்கும் நிலைதான் வரும்.

காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பூனைப் பல் ஊசிபோல் மெல்லியது. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாகக் கிருமியை இறக்கியிருக்கும். பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா பூனைகளின் வாயில் சாதாரணமாக இருப்பது. அது பரவினால் 24 மணி நேரத்துக்குள்ளேயே சிவந்து வீங்கிவிடும். ஆழமான கடி, விரல் மூட்டருகே விழுந்த கடி, நீரிழிவு உள்ளவருக்கோ நோய் எதிர்ப்பு குறைந்தவருக்கோ விழுந்த கடி ஆகியவற்றுக்கு வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரேபிஸ் உள்ள நாட்டில் இருந்தால் கடிக்கும் பிறாண்டலுக்கும் தடுப்பூசி தேவையா என்று அன்றைக்கே கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பூனைக்கு ஒருநாள் தொடாமல் ஓய்வு கொடுத்துவிட்டு, நோட்டில் அந்த வரியை எழுதுங்கள். எத்தனையாவது விநாடி, எந்த இடம், முன்னால் என்ன நடந்தது என்று குறித்து வைத்தால், அடுத்த முறை அதில் பாதி நேரத்தில் நிறுத்திவிடலாம்.

9. வீட்டில் மற்றவர்கள்

குழந்தைகளுக்கு ஒரே விதி: ஒரு விரல், கன்னம் மட்டும், மூன்று வரை எண்ணு, கையை எடு. பெரியவர் பக்கத்தில் இல்லாமல் சிறு குழந்தையையும் பூனையையும் விடாதீர்கள். பூனை ஏறிப் படுக்க உயரமான இடம் ஒன்று இருக்க வேண்டும். அங்கே இருக்கும்போது யாரும் தொடக் கூடாது.

விரலை அசைத்துக் குட்டியோடு விளையாடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். மூன்று மாதக் குட்டி விரலைக் கவ்வுவது அழகாக இருக்கும். கை என்பது விளையாட்டுப் பொருள் என்று கற்ற அதே குட்டி, ஒரு வயதில் தடவ வரும் கையையும் கவ்வும். விளையாட்டுக்கு நூல் கட்டிய கோலைப் பயன்படுத்துங்கள்.

‘எனக்குப் பூனை பழக்கம், என்னிடம் கொடு’ என்று கேட்டு வரும் விருந்தினரிடம் கவனமாக இருங்கள். 2022இல் வெளியான, பூனை நடத்தை ஆய்வாளர் லாரன் ஃபிங்காவின் ஆய்வில், பூனை பற்றித் தங்களுக்கு நன்கு தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்கள் பூனைக்குப் பிடிக்காத இடங்களை அதிகம் தொட்டார்கள். பழைய பூனைக்குப் பிடித்தது புதிய பூனைக்கும் பிடிக்கும் என்று கை பழகியிருக்கும். நீங்களே முன்பு பூனை வளர்த்தவராக இருந்தாலும் இந்தப் படிகளை முதலிலிருந்து தொடங்குங்கள்.

10. பழக்கம் திடீரென்று மாறினால்

நேற்றுவரை தடவ விட்ட பூனை இன்று சீறுகிறது என்றால், பழக்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வயதான பூனைகளில் மூட்டுத் தேய்மானம் மிகப் பரவலானது. 2002இல் வெளியான ஓர் எக்ஸ்ரே ஆய்வில், 12 வயதைக் கடந்த பூனைகளில் 90 விழுக்காட்டுக்கு அதன் அடையாளம் இருந்தது. பூனை நொண்டாது, கத்தாது. மேலே தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், இடுப்பில் கை பட்டால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான் வெளியே தெரியும். பல்நோய், காதுச் சீழ், தோலுக்கடியில் சண்டைக் காயம் கட்டியாகியிருப்பது ஆகியவையும் இப்படித்தான் வெளிப்படும்.

முகத்தையும் பாருங்கள். காது நுனிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, கண் சுருங்கியிருப்பது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியிருப்பது, மீசை நேராக விறைத்திருப்பது, தலை தோளைவிடத் தாழ்ந்திருப்பது. இந்த ஐந்தும் பூனையின் வலியை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அறிகுறிகள்.

மருத்துவர் மேசையில் பூனை அச்சத்தில் உறைந்துவிடும், வீட்டில் காட்டிய எதையும் அங்கே காட்டாது. அதனால் கைபேசியில் இரண்டு காணொளி எடுத்துப் போங்கள். ஒன்று, வழக்கமாகத் தாவும் இடத்துக்கு அது எப்படி ஏறி இறங்குகிறது என்று பக்கவாட்டிலிருந்து 30 விநாடி. மற்றொன்று, ஓய்வாகப் படுத்திருக்கும்போது முகம் தெளிவாகத் தெரிய, தொடாமல், தூரத்திலிருந்து. வலிக்கும் இடத்தைப் படம் பிடிப்பதற்காக மீண்டும் அழுத்திக் காட்ட வேண்டாம். நோட்டையும் கொண்டுபோங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்த இடத்தைத் தொட்டால் மறுக்கிறது என்பது அதில் ஏற்கெனவே இருக்கும்.